ஜோமோள் காலில் இருந்தது சுளுக்கு அல்ல

ஏலப்பாறை
ஆகஸ்ட் 6

அன்பு மகன் ஜின்சனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் கேட்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் தங்கை ஜோமோளும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் அவள் என் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். தோஹாவில் நர்ஸாக இருக்கிற மேல் லயத்து ஷிஜி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறாள், நீ கடல் வேலையிலிருந்து கரைக்கு வருகிற அன்று உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தனியாக உட்கார்ந்து படி. கூட இருக்கிற பையன்கள் முன்னால் படிக்காதே.

இங்கே பதினைந்து நாளாக மழை விடவில்லை. சூசையப்பன் மாமா வீட்டுக் கூரை மேல் மரம் சாய்ந்து ஓடெல்லாம் போய்விட்டது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு டீ பாக்டரி தூசியில் இருமல் கூடியிருக்கிறது, மாத்திரை வாங்கி வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருமுகிறாரே தவிர விழுங்குவதில்லை. இதெல்லாம் சும்மா எழுதுகிறேன், சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுவதற்குத்தான். மே மாதம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்சனில் ஜோமோள் விழுந்ததைச் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, அது சுளுக்கு இல்லை ஐயா. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. விழுந்ததால் எலும்பு உடையவில்லை, எலும்பு உடைந்ததால்தான் விழுந்தாள். அதற்கு முன்பே மூன்று மாதமாக அந்த எலும்பில் கீறல் இருந்திருக்கிறது என்று கோட்டயத்தில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அறுபது வயதுக்காரியின் எலும்பு என்றார்கள். அதற்குக் காரணம் நான்.

எப்படி என்று சொல்கிறேன். போன வருஷம் ஜூலையில் நீ முதன்முதலாகக் கடலுக்குள் அந்த எண்ணெய்க் கிணற்று மேடைக்கு வேலைக்குப் போனபோது ஒன்பது நாள் உன்னிடமிருந்து போன் வரவில்லை. நெட் இல்லை என்று பிறகு நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய், அந்த ஒன்பது நாளும் இங்கே எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டதும் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் ஜோமோளைக் கூட்டிக்கொண்டு ரோட்டோர அந்தோணியார் கோயிலுக்கு, அந்தக் குருசடிக்குப் போனேன். முட்டி போட்டு நேர்ச்சை வைத்தேன், என் பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறவரைக்கும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை, பால் புழங்காது என்று. நான் மட்டும் இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டையே சேர்த்துச் சொன்னேன், அதிகம் கொடுத்தால் அதிகம் கிடைக்கும் என்கிற பேராசை. மறுநாள் காலை ஆறரைக்கு உன் போன் வந்தது. நானும் அவளும் கட்டிப்பிடித்து அழுதோம். அன்றைக்கு அவள் மனதில் விழுந்த நம்பிக்கையை இன்றைக்கு எந்த டாக்டராலும் எடுக்க முடியவில்லை.

ஐம்பது நோம்பு என்றால் ஈஸ்டரோடு முடிந்துவிடும். இது நீ வந்தால்தான் முடியும். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாய், அப்புறம் ஈஸ்டருக்கு என்றாய், இப்போது ஓணத்துக்கும் இல்லை, சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு ஒன்றுமே தெரியாது, சொல்ல வேண்டாம் என்று நான்தான் வாயைக் கட்டியிருந்தேன், சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயம். நமக்கென்ன, நானும் அப்பாவும் பாலில்லாத கட்டன் சாயாவும் கப்பைக் கிழங்குமாகவே வளர்ந்த கட்டைகள். ஆனால் அவள் விடிந்தால் பாக்டரி ரோட்டிலிருந்து மலை ஏறி இறங்கிப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள். ஓடிவிட்டு வந்து சோறும் ரசமும் பயறும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடியும் மைதானம். முன்பு அவளுக்கு என்று தினமும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் இருந்தது, வெள்ளிக்கிழமை மத்தி மீன் இருந்தது. அதையெல்லாம் நான் ஒரே நாளில் எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக என்ன வைத்தேன் தெரியுமா, இன்னொரு கரண்டி ரசம்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால் முதல் மூன்று நாலு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. எடை குறைந்தது, ஓட்டம் கூடியது. அக்டோபரில் மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தாளே, போட்டோ அனுப்பினோமே, பார்த்துவிட்டு ஏன் இப்படி மெலிந்துவிட்டாள் என்று நீ கேட்டாய். ஓடுகிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவளுடைய கோச் நிமி டீச்சரும் அப்போது சந்தோஷப்பட்டார்கள். அந்தோணியார் உன்னையும் காப்பாற்றி இவளையும் ஜெயிக்க வைக்கிறார் என்று குருசடிக்கு மெழுகுதிரி வாங்கிப் போனேன். ஆண்பிள்ளையிடம் எழுதுகிற விஷயம் இல்லைதான், ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், டிசம்பரிலிருந்து அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஓடுகிற பிள்ளைக்கு அதுவும் ஒரு வசதிதான், விடு என்றேன். பெற்றவள் சொல்கிற பேச்சா இது. பிப்ரவரியில் காலில் வலி என்றாள். அப்பா எண்ணெய் காய்ச்சி, வலிக்கிற இடத்திலேயே பெருவிரலை அழுத்தி இழுத்து இழுத்துத் தடவினார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். காலையில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடப் போய்விடுவாள். வலிக்கிறது என்று டீச்சரிடம் சொன்னால் செலக்சனுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள் என்று மறைத்தாள். நானும் அதற்கு உடந்தை.

டாக்டரம்மா மூன்றே கேள்விதான் கேட்டார்கள். என்ன சாப்பிடுகிறாள், மாதம் ஒழுங்காக ஆகிறதா, வாரத்தில் எத்தனை நாள் ஓடாமல் இருக்கிறாள். மூன்றுக்கும் நான் பதில் சொல்லி முடித்தபோது கூட வந்திருந்த நிமி டீச்சர் வெளியே போய் நின்றுகொண்டார்கள். அழுதார்களோ என்னவோ, திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. அவர்களும் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள், எடையை எழுதினேனே, சோற்றுத் தட்டைப் பார்க்கலையே என்று. இப்போது மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் ஓடக்கூடாது, ஓடுவதற்கு முன் கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கியே தீர வேண்டும், ஓடி முடித்த கையோடு வேகவைத்த கடலையும் பழமும், எங்கே வலித்தாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சொன்னதற்காக யாரையும் டீமிலிருந்து எடுக்கமாட்டேன் என்று பெற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்கள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நம் வீட்டுப் பிள்ளையின் கால் பாடமாகிவிட்டது.

சாப்பிட்டால் எலும்பு கூடிவிடும், அடுத்த வருஷம் ஓடலாம் என்று டாக்டரம்மா ஜூனில் சொன்னார்கள். முட்டை, மீன், பால், இரும்புச்சத்து மாத்திரை, காலை வெயில். அன்றைக்கே நான் நம் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பிள்ளையைப் பட்டினி போட்டு ஆண்டவருக்குக் காணிக்கை வைக்க உனக்கு யார் சொன்னது என்று நன்றாகத் திட்டினார். பிறகு அவரே அந்த நேர்ச்சையிலிருந்து எங்களை விடுவித்து, அதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் மைதானத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை வேகவைத்துக் கொடு என்றார். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் தின்கின்றன, இவள் தொடமாட்டேன் என்கிறாள். அண்ணன் வந்து நிற்கட்டும், அப்புறம் திங்கேன், சாமியாருக்கு என்ன, அவரா கடல்ல நிக்காரு, அண்ணன்லா நிக்கான்னு சொல்கிறாள். அப்பா கெஞ்சினார். நான் அடித்தும் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை.

கடைசியில் போன மாதம் ஒரு நாள், நான் தின்றால் அவளுக்குப் பயம் தெளியும் என்று அவள் கண் முன்னாலேயே ஒரு முட்டையை உரித்துத் தின்றேன். அவள் சுவரோடு ஒட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரு, ஒண்ணும் ஆகலை என்றேன். அன்று சாயங்காலம் நீ கூப்பிட வேண்டியது, கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நாலு நாள் உன் போன் அடிக்கவே இல்லை ஜின்சா. அந்த நாலு நாளும் அவள் சோறும் தொடவில்லை, என்னோடு பேசவும் இல்லை, கட்டுப்போட்ட காலோடு போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் நீ சிரித்துக்கொண்டே கூப்பிட்டு, காற்றில் டவர் போய்விட்டது அம்மா, எதற்கு ஜோமோள் இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று கேட்டாய். பரீட்சையில் மார்க் குறைவு என்று சொன்னேன். அது பொய். நான் தின்ற முட்டையால் நீ செத்துவிட்டாய் என்று அவள் நாலு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு கூடவில்லை. செப்டம்பர் இரண்டாவது வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்போதும் இப்படியே இருந்தால் ஆபரேஷன் செய்து கம்பி வைப்பதுதான் வழி, அதற்குப் பிறகு ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார்கள். ஓட்டம் போனால் போகட்டும் என்று எனக்கு ஒரு மனது சொல்கிறது. ஆனால் இந்த வயதில் சேர்க்கிற எலும்புதான் ஆயுசுக்கும் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் வைத்த ஆசையில் அவள் எலும்பை நான் தின்றுவிட்டேன்.

உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அதற்காக மேலாட்களோடு சண்டை பிடிக்காதே. எனக்கு ஒன்று மட்டும் செய். கரைக்கு வந்த பிறகு ஒரு நாள் மத்தியானச் சோற்று நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடு. அம்மா எல்லாம் எழுதிவிட்டாள் என்று அவளிடம் சொல்லு, என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீயும் தட்டில் ஒரு முட்டை வைத்துக்கொள். நீ தின்று அவளையும் தின்னச் சொல்லு. உன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சும் அவள் காதில் ஏறாது. கடலில் இருக்கும்போது கூப்பிட்டுவிடாதே, கரையில் நெட் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து, போனில் சார்ஜ் முழுவதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடு. பாதி விழுங்கும்போது லைன் அறுந்துபோனால் பிறகு யார் சொன்னாலும் அவள் வாய் திறக்கமாட்டாள்.

நீயும் வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி, உப்புப் போட்டுக் குடி, சோற்று நேரத்தை விட்டுவிட்டு வேலை பார்க்காதே. முதுகு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லு, மறைத்து வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் போதும். மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், அந்தோணியார் உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். மறந்துவிடாதே ஐயா, அவள் விழுங்கிவிட்டாள் என்றதும் போனை வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் எதையாவது பேசிக்கொண்டே இரு, முட்டை உள்ளே போன பிறகும் நீ இருக்கிறாய் என்று அவள் பார்க்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. செபமாலையம்மாள்