மேசையோடு முடுக்கும் கருவி

பேராவூரணி,
6.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு, சான்ட்ரா எழுதுவது. ஆண்டவருக்குத் தோத்திரம். அம்மா, தம்பி ஆன்டோ, நான் மூவரும் நலம்.

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்களும் அப்படியே எழுத வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஆங்கிலப் புத்தகத்தையும் கருவிகளின் விலைப்பட்டியலையும் படித்து முடித்தேன். சுட்ட பிறகு விழும் பித்தளை உறையைப் பொறுக்கி, புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. அறுவடை மெஷின் ஓட்ட ஆஸ்திரேலியா போன நீங்கள் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருப்பதும் புதுச் செய்திதான். கோதுமையில் காட்டுப்பன்றி இறங்குகிறது, முதலாளி சுடக் கற்றுக்கொடுத்தார், அங்கே பலரும் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரி.

எந்தக் கருவி வாங்கலாம் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில். உறையையும் குண்டையும் அழுத்திச் சேர்க்கும் கருவிக்குப் பிரஸ் என்று பெயர். புதிதாகத் தொடங்குபவருக்கு, ஓர் இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் பிரஸ் போதும். பல வேலையைச் சேர்த்துச் செய்யும் பெரிய பிரஸ் வேகமானதுதான், ஆனால் பழகாத கண்ணுக்குத் தவறு தெரியாமல் போய்விடும். மருந்து நிறுக்கும் தராசில் சிக்கனம் பார்க்காதீர்கள். புத்தகத்தில் அச்சிட்ட அளவைத் தவிர வேறு எதையும் யார் சொன்னாலும் போடக் கூடாது. வேலை செய்யும்போது பாட்டுக் கேட்கவும் கூடாதாம். உங்களுக்குக் கஷ்டம்தான்.

ஒரு கேள்வி. இதை அம்மாவிடம் ஏன் சொல்லக் கூடாது? "அப்பா என்ன பொஸ்தகம் அனுப்பிருக்காரு?" என்று கேட்டார். "இங்கிலீஷ் படிக்கம்மா" என்றேன். அன்று முழுவதும் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்பு மகள்,
சான்ட்ரா


ஆஸ்திரேலியா,
24.7.2024

அன்பு மகள் சான்ட்ராவுக்கு, அப்பாவின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது பாப்பா. எத்தனை தெளிவு. முதலாளிக்கு அர்த்தம் சொல்லிக் காட்டினேன். "உன் மகளை வேலைக்கு வரச் சொல், நீ வேண்டாம்" என்று சிரித்தார்.

அம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே பயம். அதனால்தான் சொல்லவில்லை. வேறு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் அவள் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் கடிதம்.

இன்னும் இரண்டு பார்த்துச் சொல். பிரஸ் வார்ப்பிரும்பில் வாங்கவா, அலுமினியத்தில் வாங்கவா? வாழ்நாள் முழுவதும் உழைப்பது எது? மேசையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்கிறார்கள். மேசையைத் தரையோடும் முடுக்கலாமா? அடுத்து, மருந்தும் குண்டும் வைக்கப் பூட்டு உள்ள அலமாரி. சின்னக் கை திறக்க முடியாததாக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன். டிக்கெட்தான் கிடைப்பதில்லை.

அப்பா,
கிளாட்சன்


பேராவூரணி,
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வாழ்நாள் முழுவதும் என்றால் வார்ப்பிரும்பு. தரையோடு முடுக்கினால் ஆடாது.

இனி என் சந்தேகங்கள். எப்போதாவது சுடுபவர் கடைத் தோட்டாவே வாங்கிக்கொள்ளலாம், பல வருடம் சுடுகிறவருக்குத்தான் இந்தச் செலவு கட்டுபடியாகும் என்று புத்தகத்தின் முதல் அத்தியாயமே சொல்கிறது. பொங்கலுக்கு வருகிறவர் மேசையை ஏன் தரையோடு முடுக்க வேண்டும்? நான்கு ஆண்கள் ஒரே அறையில் தங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே யாருடைய சின்னக் கை, அப்பா?

இன்னொன்று. போன வாரம் இராஜாங்கம் சித்தப்பா வந்து, நம் மூன்று மா நிலத்தின் சிட்டா நகல் கேட்டார். எதற்கு என்றதற்கு, "சும்மா பாக்கத்தான் அண்ணி" என்றார்.

"சும்மா பாக்கணும்னா வயலு அங்கதான தம்பி கெடக்கு, போயி பாத்துட்டு வாங்க. சிட்டா எதுக்கு?" என்றார் அம்மா.

சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அன்று சாப்பிடவில்லை. நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் நீங்கள் போன பிறகு உழுது, நட்டு, அறுப்பது அம்மா. தயவுசெய்து உண்மையை எழுதுங்கள்.

சான்ட்ரா


ஆஸ்திரேலியா,
7.9.2024

அன்பு மகளுக்கு,

நீ வக்கீலுக்குப் படிக்கலாம்.

சின்னக் கை நம் ஆன்டோவுடையது. தப்பாக நினைத்துவிட்டாயே பாப்பா. எனக்கு இங்கேயே குடியிருக்க அனுமதி கிடைத்துவிட்டது. உங்களையும் அழைத்துக்கொள்ளலாம். இரண்டு அறை வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஆன்டோவுக்குத் தனிக் கட்டில். பின்னால் ஒரு கொட்டகை, மேசை அங்கேதான். பள்ளிக்கூட பஸ் வாசலிலேயே நிற்கும். ஊர் நூலகத்தில் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்பணம் வேண்டும். நிலத்துக்கு ஆள் பார்க்க இராஜாங்கத்திடம் சொன்னது நான்தான். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பக்குவமாகச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

அப்பா


பேராவூரணி,
28.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

"அங்க எனக்கு என்ன வேலைன்னு எழுதிருக்காரா?"

"இல்லம்மா."

"நல்லாத் தேடிப் பாரு."

தேடினேன். ஆன்டோவின் கட்டில் இருந்தது, எனக்கு நூலகம் இருந்தது, உங்கள் மேசை இருந்தது. அம்மாவைப் பற்றி, நான் சொன்னால் கேட்பார் என்பது மட்டும் இருந்தது.

அம்மா அழவில்லை. "விக்கிறதுன்னா அவரே வந்து எம் முன்னால நின்னு விக்கச் சொல்லு" என்றார். பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "சம்பா நடவு நாளைக்கு தம்பி. ஆளு கொறயுது, நாத்துக் கட்டு தூக்க வாங்க" என்றார்.

நூலகம் பற்றிய வரியை நான் பலமுறை படித்தேன். எனக்கு வர ஆசைதான். பள்ளி வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடியும் பார்த்தேன். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் விற்ற வயலின் காசில் நான் வர மாட்டேன். நீங்கள் என்னைக் கருவி தேர்ந்தெடுக்கச் சொன்னதாக நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்கு நானும் சாமான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விலைப்பட்டியலை மறுபடி பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கையில் பிடித்து அழுத்தும் சிறிய பிரஸ் ஒன்று இருக்கிறது. மேசை வேண்டாம், போல்ட் வேண்டாம். மெதுவானது. எப்போதாவது பன்றி சுடும் ஆளுக்குப் போதும். ஊருக்குத் திரும்பும்போது முதலாளியிடமே கொடுத்துவிட்டு வரலாம். இப்போது என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வார்ப்பிரும்பை ஏற்கெனவே வாங்கி முடுக்கியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். இந்த முறை அம்மா பெயருக்கு.

சான்ட்ரா

பி.கு.: கடைசி வரிகள் கோணலாக இருக்கும். விடிவதற்குள் நாற்றுப் பறிக்கப் போக வேண்டும் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.