அவரை விதையும் கோலிக்குண்டும்

ஓட்டை வாய்க்காரிக்கு,

நாம் பேசிக்கொள்வதில்லை என்பது நினைவிருக்கிறது. இது பேச்சில்லை, எழுத்து.

என் மார்பில் வந்த கட்டியைப் பற்றி உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று இன்று காலை ஸ்கேன் எடுத்தார்கள். நீயும் நானும் வேலை பார்த்த அதே அறை, அதே மெஷின். ஃபேன் இன்னும் கடகடக்கிறது. இந்த முறை கட்டிலில் கிடந்தது நான். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்தான் எடுத்தாள். ஜெல்லைச் சூடாக்கி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. திரையையும் என் பக்கம் திருப்பவில்லை.

நல்ல முடிச்சு அவரை விதை போல நீண்டு, நடுவில் வெள்ளையாகத் தெரியும். கெட்டது கோலிக்குண்டு போல உருண்டு, முழுக்கக் கறுத்திருக்கும். உனக்குத் தெரியாததா? அவள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"டாக்டர் சொல்வாங்கக்கா."

நானே எத்தனை பேருக்குச் சொன்ன பதில். டாக்டர் சொல்வதற்கு முன்பே நீ நோயாளிகளிடம் உளறியதற்காக நான் சண்டை போட்டது இப்போதும் சரிதான். அதில் மாற்றமில்லை.

டாக்டர் திங்கட்கிழமைதான் வருகிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்துக் காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடி துவைத்தேன்.

நாளை ஞாயிறு, அறை காலி. சாவி என்னிடம் இருக்கிறது. வந்து நீ ஒருமுறை பார்.

வாயை மட்டும் மூடிக்கொள்ளாதே.

உன்னோடு பேசாதவள்