ஓட்டோடு அனுப்பும் வால்நட்

ஸ்லேட் ஓடை, ஒஹாயோ
டிசம்பர் முதல் வாரம், 2004

அன்புள்ள மகன் லோவெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே டூசானில் நீயும் மரிசாவும் என் பேரன் கோல்பியும் சுகமென்று தெரிந்தால்தான் எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கும். கிறிஸ்துமஸுக்கு விமான டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னாயே, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் எடுத்துவிடாதே ராசா. போனில் சொல்லியிருக்கலாம், பாதியில் அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் மரிசாவிடம் கொடுப்பாய், அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கை அசந்துபோயிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த வேர்க்கடலை பிஸ்கட்டைக் கடித்துக் கோல்பிக்கு உதடு வீங்கி மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அன்றிலிருந்து கடலை வாசனை வந்தாலே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். வீட்டில் கடலை என்பதே இருக்கக் கூடாது, அப்படியென்றால் வருகிறோம் என்று மரிசா சொன்னாள், அதில் தப்பே இல்லை, பெற்றவளுக்குத்தானே தெரியும். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். ஆனால் டிசம்பரில் நம் ஓடைப்பக்கம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? எந்த வீட்டைப் பார்த்தாலும் மான்கண் மிட்டாய்தான், பீநட் பட்டரைச் சர்க்கரைமாவோடு பிசைந்து உருட்டி, மேலே ஒரு வட்டம் மட்டும் கண்போல வெளியே தெரிகிற மாதிரி சாக்லேட்டில் முக்கி, டப்பா டப்பாவாக வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், தபால்பெட்டிக்குள் வைப்பார்கள், பூட்டாத வண்டி என்றால் அதன் சீட்டிலும் வைப்பார்கள். நானே எத்தனை வருடம் சபைக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அதனால் நவம்பர் பூராவும் கழுவினேன். அலமாரி, மேசை, கதவுப்பிடி எல்லாம் சோப்புத் தண்ணீர். மரக்கரண்டிகளை அடுப்பில் போட்டு எரித்தேன், பழைய உருட்டுப்பலகையைத் தூக்கிப்போட்டேன். உன் அப்பாவின் வண்டிச் சீட்டுக்கடியில் இருந்த கடலைத்தோலை வாரினால் ஒரு மூட்டை தேறும். அப்புறம் ஸ்பேனர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பீநட் பட்டர் பாட்டில், பாதி காலி. இது என்ன என்று கேட்டால் அந்த மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "அது டிராக்டருக்குப் போடற கிரீஸுடி" என்கிறார். அப்படியா, டிராக்டர் கரண்டி வைத்துத்தான் சாப்பிடுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். வாசலில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன், தயவுசெய்து மிட்டாய் வைக்காதீர்கள், பேரனுக்கு ஆகாது என்று. அதற்கும் சபையில் பேச்சு. "ஆர்ஃபா வீட்டுக்குள்ள போகணும்னா இனிமே பாஸ்போர்ட் எடுக்கணும்போல" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், யாரோடும் சண்டைபோட எனக்குத் தெம்பில்லை.

கோல்பி போனில் என்ன கேட்டான் என்று உனக்குத் தெரியுமா? "பாட்டி, நான் வந்தா எனக்கும் மான்கண் இருக்குமா, இல்ல எல்லாரும் திங்கறத நான் பாக்கணுமா?" என்று கேட்டான். ஆறு வயசுப் பிள்ளை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருமா? வால்நட் அவனுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் கடையில் உடைத்து விற்கிறது வேண்டாம் என்று மரிசா சொன்னாள். கடைக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தேன். நான் அஞ்சாவதுக்குமேல் படிக்காதவள்தான், ஆனால் அந்தப் பொடி எழுத்தில் ஒன்றை விடவில்லை. எல்லாவற்றிலும் அதே கதை, கடலை ஓடிய இயந்திரத்தில்தான் இதுவும் ஓடியதாம். அப்போதுதான் நம் கொட்டகைக்குப் பின்னால் நிற்கிற கறுப்பு வால்நட் மரம் நினைவுக்கு வந்தது, அது எந்த இயந்திரத்தைப் பார்த்திருக்கிறது! அப்பா காய்களைப் பாதையில் பரப்பி வண்டியை முன்னும் பின்னும் ஏற்றி மேல்தோலை நசுக்கினார், அலசிக் காயவைத்து, பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைத்தார். அந்த ஓடு கருங்கல் மாதிரி. நான் ஊசியால் பருப்பைக் கிண்டிக் கிண்டி எடுத்தேன், இன்னும் என் நகக்கண்ணெல்லாம் கறுப்புத்தான். புதிதாக வாங்கிய அரவை மிஷினில் அரைத்து, வெண்ணெய், சர்க்கரைமாவு போட்டுப் பிசைந்து, குளிரில் இறுகட்டும் என்று பின்வாசலில் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, உங்களுக்காகத் துவைத்துப் போட்டிருந்த போர்வைகளைக் கொடியிலிருந்து எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் உன் ஐலீன் அத்தை சமையல்கட்டில். அப்பாவின் தங்கைக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டிப் பழக்கம் ஏது. நான் மூடிவைத்த மாவை எடுத்து உருட்டியிருக்கிறாள், தட்டு நிறைய உருண்டை, ஒன்றுபோல் ஒன்று, வரிசையாக. எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, நான் பிசைந்தபோது மாவு உதிர்ந்துகொண்டேயிருந்தது, இவள் கைராசிக்காரிதான் என்று நினைத்தேன். கொதிக்கிற தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து, மரிசா பெயர் சொன்ன அந்தச் சாக்லேட்டை உருக்கி, ஜாம் பாட்டிலை அடைக்க ஊற்றுகிற மெழுகில் ஒரு துண்டு பளபளப்புக்குப் போட்டு, பல்குச்சியில் குத்திக் குத்தி எல்லாவற்றையும் முக்கினேன். கண் அவ்வளவு வட்டமாக எனக்கு ஒரு வருடமும் வந்ததில்லை. கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே சொல்கிறாள், "நான் மட்டும் வரலேன்னா அவ்வளவும் உதிர்ந்து போயிருக்கும் அண்ணி. என் பையில இருந்த பீநட் பட்டர்ல ரெண்டே ரெண்டு கரண்டி, அப்புறம்தான் மாவு பிடிச்சுது." என் கையில் பல்குச்சி அப்படியே நின்றது. ஐலீன், பிள்ளைக்கு ஆகாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பட்டணத்து வியாதி அண்ணி, நம்ம ஊர்க் காத்து பட்டா போயிடும். ரெண்டு கரண்டில யாரு செத்தா?" என்கிறாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து தட்டை எடுத்தார், "ஐலீன், நீ வீட்டுக்குப் போ" என்றார். தங்கையிடம் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே கிடையாது. அவளும் முகம் செத்துப்போய்ப் போனாள். மறுநாள் வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன் அண்ணி, உள்ள வரட்டுமா?" என்றாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. இன்றைக்கு வேண்டாம் ஐலீன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கெட்டவள் இல்லை, உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

திரும்பவும் எல்லாவற்றையும் கழுவலாம். அரவை மிஷின், கிண்ணம், மேசை எல்லாவற்றையும். கழுவத்தான் போகிறேன். ஆனால் லோவெல், அவள் வாய்விட்டுச் சொன்னதால்தானே எனக்குத் தெரிந்தது? சொல்லாமல் போயிருந்தால் நான் என் கையாலேயே அதை எடுத்து, இந்தா கண்ணு உனக்கென்றே செய்தது என்று கோல்பி வாயில் வைத்திருப்பேன். அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். என் கையை நான் நம்பலாம், இந்த ஊர்க்காரர்களின் அன்பை என்ன செய்ய, அது எந்தப் பக்கக் கதவு வழியாக வரும் என்று தெரியவில்லையே. நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்த வருடம் வரவேண்டாம். நானே சொல்கிறேன், வரவேண்டாம். மரிசா சொல்லி நீ வராமல் இருந்தால் ஊர் அவளைத்தான் பேசும், ஆகவே நான்தான் வேண்டாமென்றேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பனி உருகட்டும், அப்பாவை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நான் வருகிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, சம்மதிப்பார்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. மீதியிருந்த வால்நட், உடைக்காமல் ஓட்டோடு. அப்பா புதுக் கையுறை போட்டு, புதுப் பையில் கட்டினார், இருந்தாலும் மரிசாவை ஒருதரம் ஓட்டை அலசச் சொல், உள்ளே இருப்பதை யாரும் தொட்டதில்லை. சிமெண்ட் தரையில் வைத்துச் சுத்தியலால் அடி, விரல் ஜாக்கிரதை. மாவு உதிர்ந்தால் வெண்ணெய் கூடப் போடு. உருகுகிற சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டி தட்டிவிடும், ஈரக்கை படாமல் பார்த்துக்கொள். முக்குகிற வேலையைக் கோல்பியிடம் விடு, கண் கோணினாலும் திருத்தாதே. மூச்சடைத்தால் போடச்சொல்லி டாக்டர் கொடுத்த அவன் மருந்தூசியை எங்கே போனாலும் பையில் வைக்க மறக்காதீர்கள், டீச்சருக்கும் போடத் தெரியட்டும். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், என் மருமகளுக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

கிறிஸ்துமஸ் காலையில் நீ போன் செய்யும்போது முதலில் பேசாதே. போனைக் கோல்பி வாய்ப்பக்கம் பிடி. அவன் கடிக்கிற சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் இங்கிருந்து கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா ஆர்ஃபா