ஜன்னலோர நாற்காலி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய், அந்த "ம்"முக்குள் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நான் எங்கே போய்த் தேடுவது. அதனால்தான் கடிதம். சிரிக்காதே. நீ எங்களுக்கு எடுத்துக் கொடுத்த இந்த ஓட்டல் அறையின் மேசை இழுப்பறையில் கொஞ்சம் வெள்ளைத் தாளும் இரண்டு உறையும் ஒரு பேனாவும் இருந்தன. நம் ஊர் ஓட்டலில் இருபத்தொன்பது வருஷம் அறை அறையாகப் போய் இதே மாதிரித் தாளை இதே மாதிரி இழுப்பறையில் வைத்தவள் நான், ஒரு தாளில்கூட ஒரு எழுத்து எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். மூன்று மணிக்குக் கீழே ஒருத்தியைப் பார்க்கப் போக வேண்டும், மணி இப்போது பன்னிரண்டரை, அதுவரை என் கையும் காலும் சும்மா இருக்காது என்று உனக்கே தெரியும். அப்பா வெளியே போயிருக்கிறார். என்னோடு ஒரே அறையில் இருந்தால் தனக்குத் தலை சுற்றுகிறதாம், நான் அவ்வளவு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டேனாம்.

முதலில் உன் பட்டியல். இந்தக் கடற்கரை ஊருக்குப் போனால் செய்ய வேண்டியவை என்று ஒன்பது எண் போட்டு அனுப்பினாயே, அதை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். கலங்கரை விளக்கம் ஏறியாயிற்று. நூற்று எண்பத்தேழு படி. நான் ஏறினேன், அப்பா பாதியில் உட்கார்ந்துகொண்டு, இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் மேலே என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டே பார்த்து முடித்துவிட்டார். பொய் சொல்லக் கூடாது, அழகான ஊர்தான். கடல் உள்ளே வளைந்து வந்து நிற்கிறது, குன்றின் மேல் வெள்ளை வெள்ளையாய் வீடுகள், படகுகள் அத்தனையும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கின்றன. ஆனால் அந்த உச்சிக் கண்ணாடியை யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள், கோடு கோடாக இருந்தது, எனக்குக் கடலைவிட அந்தக் கோடுதான் கண்ணில் பட்டது. கயிற்றில் ஓடும் தொங்கு வண்டியில் ஏறப் போனால் அப்பா டிரைவர் எங்கே என்று கேட்டார். டிரைவரே கிடையாது, மேலேயிருந்து இழுக்கிறார்கள் என்றதும், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் பிரேக் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததால் ஏறினார். மேலே போகும்வரை வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். கண்ணாடி அடித்தளம் உள்ள படகில் போய் மீன் பார்த்தோம், போட்டோ எடுத்திருக்கிறோம், அதில் மீன் இல்லை, அப்பாவின் முழங்கால்தான் இருக்கிறது. சைக்கிள் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே.

ஒன்பதாவதாக, கடற்கரையில் ஒன்றுமே செய்யாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்ற எட்டையும் எழுதியவன் நல்ல பிள்ளை, அந்த ஒன்பதாவதை எழுதியவனுக்கு அவன் அம்மாவைத் தெரியவே இல்லை. பதினோரு நிமிஷம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் துண்டுகளைக் குவியலாகப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போயிருந்தது. மணலை உதறி நாலையும் மடித்து அடுக்கி வைத்துவிட்டேன். அவர்கள் திரும்பி வந்து, யாரோ துண்டு வாடகைக்கு விடுகிறவர்கள் அடுக்கியது என்று நினைத்து, அதைத் தொடாமல் தங்கள் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வந்த மறுநாள் காலை எழுந்ததும் என் கை தானாகவே கட்டிலைச் சரிசெய்துவிட்டது. விரிப்பை இழுத்து, மூலையை உறை மாதிரி மடித்துச் செருகி, தலையணையைத் தட்டி நிறுத்தி, குளியலறைக் கண்ணாடியைத் துடைத்து, குப்பைக் கூடைக்குப் புதுப் பையும் போட்டாயிற்று. அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த அறையில் ஆள் தங்கவில்லையா, எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டேனா என்று வெளியே போய்க் கதவைப் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், இடுப்பில் ஒரு கையை வைத்தபடியே நடக்கிறாள், அந்த நடை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. நான் ஜன்னலோரம் இருந்த நாற்காலியைக் காட்டி, வேலைதான் முடிந்துவிட்டதே, பத்து நிமிஷம் உட்கார் என்றேன். உட்காரவே மாட்டேன் என்றாள். மறுநாள் நுனியில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நான் டீ போட்டுக் கொடுத்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஆறு வருஷமாக இங்கே வேலை செய்கிறாளாம், இந்த ஜன்னலைத் துடைத்திருக்கிறாளே ஒழிய அது வழியாகப் பார்த்ததில்லையாம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, உன் பட்டியலில் எதைச் செய்தபோதும் அப்படி இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மாடி சூப்பர்வைசர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். சின்னப் பெண். நாற்காலியைப் பார்த்தாள், கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்து மன்னிக்கணும் மேடம் என்றாள். அவளை மட்டும் வெளியே கூப்பிட்டாள். இன்று காலை வேறொருத்தி வந்தாள். நேற்றைய அம்மாள் எங்கே என்று வற்புறுத்திக் கேட்ட பிறகு, விருந்தினர் அறையில் உட்கார்ந்ததற்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மேலே எழுதிப் போடப் போகிறார்கள், இன்று மாலைக்குள் அந்தக் காகிதம் போய்விடும் என்றாள்.

அந்த சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன், மூன்று மணிக்குக் கீழே வரச் சொல்லியிருக்கிறாள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, பிள்ளை ஆசை ஆசையாய் அனுப்பியிருக்கிறான், இன்னும் மூன்று நாள் இருக்கிறது, பேசாமல் வா என்றார். அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இவ்வளவு நாள் யாருக்கும் சொல்லாததை இந்தத் தாளில் எழுதிவிடுகிறேன்.

உனக்குப் பொத்தான் அத்தையை ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் மற்ற பிள்ளைகள் ஊர் ஊராகப் போவார்கள், நீ என் ஓட்டலில் துவைத்த விரிப்புகள் அடுக்கும் லினன் ரூமில் உட்கார்ந்திருப்பாய், விடுமுறை என்றால்தானே எங்களுக்கு வேலை அதிகம். விருந்தினர் சட்டைகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்களைப் பொறுக்கி உனக்கு விளையாடக் கொடுப்பாளே, அவள்தான். எனக்கு இரண்டு ஷிப்ட் சேர்ந்து விழும் நாளில் உன்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்ச் சோறு போட்டு வைத்திருப்பாள். ஒரு நாள் அவளைக் காணோம் என்று நீ கேட்டபோது, மகள் வீட்டோடு போய்விட்டாள் என்று சொன்னேன். அது பொய். ஒரு விருந்தினர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று அவள் மேல் எழுதிக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு சூப்பர்வைசர் வேலை வரும்போல இருந்தது, நான் கண்டிப்பானவள் என்று மேலே தெரிய வேண்டியிருந்தது. ஏழு வரி எழுதினேன். இன்றைக்கும் ஏழும் மனப்பாடம். நேரம், அறை எண், மாடி எல்லாம் சரியாக இருந்தது, ஒரு பொய் கிடையாது. ஆனால் அந்த அறையிலிருந்த அம்மாளுக்கு மூச்சுத் திணறல், கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார், அவர் வரும்வரை பக்கத்தில் உட்காரச் சொல்லி அவர்களேதான் கேட்டிருக்கிறார்கள். பொத்தான் அத்தை அதை என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும். எட்டாவது வரியாக அதை எழுதியிருந்தால் அவள் வேலை போயிருக்காது. எழுதவில்லை. மூன்றாவது மாதம் எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது, உனக்குப் புது சைக்கிள் வாங்கினோம். இனி எழுத முடியவில்லை, மணி மூன்றாகப் போகிறது, போய்விட்டு வருகிறேன்.

மறுநாள் காலை. நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இவர்கள் லினன் ரூமும் தரைக்குக் கீழேதான் இருக்கிறது, நம் ஓட்டல் மாதிரியே. கதவைத் திறந்ததும் நீராவியும் சோப்பும் கலந்த அந்த வாசனை, வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு மூச்சு சரியாக வந்தது. அலமாரியில் ஒரு அடுக்கு விரிப்பின் மடிப்பு உள்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது, உருவி எடுக்கும்போது சரியும், பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அதைத் திருப்பி வைத்துவிட்டேன். அந்த சூப்பர்வைசர் பெண் அதைப் பார்த்துவிட்டு எத்தனை வருஷம் என்று கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். அதற்குப் பிறகு மேடம் போய் அம்மா ஆகிவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தாழ்வாரத்து கேமராவில் இருபத்திரண்டு நிமிஷம் தெரிகிறது, மேனேஜர் கேட்டால் நான் என்ன சொல்வது, நீங்களே இந்த வேலையில் இருந்தவங்க, நீங்களா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

"நான் எழுதிக் கொடுத்தேன்மா. தெரிஞ்சதுல பாதியை எழுதினேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தக் காகிதம் கையிலேயே ஒட்டிட்டிருக்கு" என்றேன்.

அவள் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, விருந்தினர் தானே கேட்டு உட்கார வைத்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விதிமுறையில் அதற்கு இடம் உண்டு என்றாள். கையோடு கொண்டுபோயிருந்த இந்த இழுப்பறைத் தாளில் அங்கேயே நின்றபடி எழுதினேன். கட்டிலைச் சரிசெய்தது நான், உட்காரச் சொன்னது நான், மறுத்தவளை வற்புறுத்தியது நான், டீ கொடுத்தது நான். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன், எட்டு வரி. அவள் படித்துவிட்டு, தான் எழுதி வைத்திருந்ததைக் கிழித்துக் கூடையில் போட்டாள். ஒரு நிபந்தனையும் போட்டாள், ஊருக்குக் கிளம்பும்வரை நான் கட்டிலைத் தொடக் கூடாதாம்.

மேலே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தான் அத்தை விஷயத்தையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து உன் பட்டியலை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தார். பொத்தான் அத்தை அப்போது எந்த பஸ்ஸில் வருவாள் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கூடவே வேலை செய்து, என் பிள்ளையை அவள் வீட்டுக்கு அனுப்பியும் வைத்து, வீடு எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று காலை எழுந்து கட்டிலை அப்படியே விட்டேன். விரிப்பு ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், அப்பாவின் துண்டு நடுவில். பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது, கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். ஒன்பது மணிக்கு அந்த அம்மாளே திரும்பி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "இன்னைக்குத்தாம்மா நீங்க ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்க மாதிரி இருக்கீங்க" என்றாள். உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளும் உட்காரவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போகும்போது நாற்காலி முதுகில் கையை ஊன்றி ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தாள், அவ்வளவுதான். இடுப்பு வலிக்கு நான் சொன்ன எண்ணெயை வாங்கிக்கொள்கிறேன் என்றாள், வாங்கமாட்டாள், எங்கள் ஆட்கள் யாருமே வாங்குவதில்லை.

இப்போது அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், ஒன்பதாவதை முடித்தே தீர வேண்டுமாம், இன்று இருபது நிமிஷமாவது உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தலையணை உறையை வாரம் ஒரு தரம் மாற்று, உன்னை எனக்குத் தெரியும். உடம்பும் மனசும் நன்றாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நீண்ட நாள் வாழ வேண்டும். அம்மாவைப் பற்றி இதைப் படித்த பிறகு என்ன நினைப்பாயோ, அதை போனில் "ம்" என்று சொல்லாமல் எழுதிவிடு. இன்னும் ஒன்று கேட்கிறேன், அதை மட்டும் மறந்துவிடாதே. பொத்தான் அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குவாளே, அது எந்த நிறுத்தம்? உனக்கு ஏழு வயது, ஜன்னல் பக்கம்தான் உட்காருவாய், ஏதாவது ஒரு கடையோ மரமோ சுவரோ ஞாபகம் இருக்கும். அப்பா இந்த ஊரிலிருந்தே அவளைத் தேட ஆரம்பித்துவிட்டார், நிறுத்தம் தெரிந்தால் போதும், அங்கிருந்து வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்கிறார். அவள் இருக்கிறாளோ இல்லையோ. இருந்தால், இந்த முறை அவள் உட்கார்ந்திருக்கட்டும், நான் நின்றுகொண்டு சொல்கிறேன்.

உன் பதிலுக்கு வழி பார்த்தபடி,
அம்மா