நித்தியகல்யாணிப் பொடி

12-8-2003, செவ்வாய்.

இன்று மல்லிகாவால் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது என்றாள். ரத்தப் புற்றுநோய்க்கு அவளுக்கு ஊசி போடும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வேற எதனா சாப்பிடறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவள் தம்பி சேகர் அடி அண்ணாமலையில் வாங்கி வந்த நித்தியகல்யாணிப் பொடியைப் பற்றிச் சொன்னேன். "இதுல புத்துநோய் செல்லு தானா செத்துடும் மாமா, பேப்பர்லயே போட்டிருக்காங்க" என்று தந்தான். நம்பிக்கையில்லாமல் பரண்மேல் போட்டிருந்தேன்.

"பேப்பர்ல போட்டது நெஜந்தான்" என்றார் டாக்டர். "இந்த ஊசி மருந்தே அந்தச் செடியிலருந்து எடுக்கறதுதான். செல்லை ரெண்டா பிரிய விடாம சாகடிக்கும். கொஞ்சம் ஜாஸ்தியானா நரம்பையும் கெடுக்கும். பொடியில எவ்ளோ இருக்குதுனு யாருக்குத் தெரியும்?"

மல்லிகா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் சாப்பிடலீங்க" என்றாள். நாக்கை நீட்டச் சொன்னேன். ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது.

"ஊசி மட்டும் போதுமானு பயமா இருந்துச்சு" என்றாள்.

பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அவள் தடுக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. சேகர் இன்னொரு பொட்டலமும் தந்திருப்பானோ? அவள் தூங்கியதும் அரிசி டப்பாவைக் கிளறிப் பார்த்தேன். புடவைகளுக்கு நடுவில் இன்னும் பார்க்கவில்லை.