தலையாட்டிவிட்டு வந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. இந்த முறை அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து பேசலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆபீஸிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம், கூரியரில்.

எங்கள் லாரி ஆபீஸில் எனக்கு டிக்‌ஷனரி என்று பெயர், உனக்குத் தெரியுமே. வருகைப் பதிவேட்டுக்கு மேலே இருக்கிற பலகையில் தினம் ஒரு கடினமான ஆங்கில வார்த்தையைப் பொருளோடு எழுதிவைப்பேன். டிரைவர்கள் அதை உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஷூரன்ஸ் கடிதமோ கோர்ட் நோட்டீஸோ, எது வந்தாலும் அர்த்தம் கேட்டு என் மேஜைக்குத்தான் வருவார்கள். தெரியாது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் இப்போது என் உயிரை எடுக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். பாதிக்கு மேல் புரியவில்லை. சந்தேகம் ஏதாவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். வெளியே வந்ததும் அம்மா, “என்னங்க சொன்னாரு, பெருசா ஒண்ணுமில்லையே?” என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. “சின்னக் கட்டிதான், ரெண்டு மாசம் மருந்து சாப்பிட்டா சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவள் நம்பிவிட்டாள். ஆங்கிலம் என்றால் முப்பத்தோரு வருஷமாக என் பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சே இல்லை.

அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரியாத வார்த்தைகள் மட்டும் பதினான்கு. மெடாஸ்டாசிஸ் என்றால், ஓரிடத்தில் தொடங்கிய நோய் மற்ற இடங்களுக்கும் பரவியிருப்பது. பாலியேட்டிவ் என்றால், நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் தணிப்பது. அதற்கு மேல் எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அகராதியைத் தப்பாகப் படித்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. டாக்டரிடமே போய்க் கேட்பது, கேட்கும்போது வாய் குழறக் கூடாது என்று முடிவு செய்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, போன் சொல்லித்தரும் உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். கதவுக்கு வெளியே நின்று அம்மா, “உள்ள யாருங்க பொம்பளைக் குரலு? இந்த வயசுல இது தேவையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நேற்று தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். பதினான்கையும் பிசகாமல் சொல்லிக் கேட்டேன். அகராதி சொன்னதையேதான் அவரும் சொன்னார். வருகிற இருபதாம் தேதி சிகிச்சை ஆரம்பம், அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றார். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லக் கற்றுக்கொண்டேன், மகளே. அவளிடம் தமிழில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளோ ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும் என்ற தெம்பில் ஜன்னல் திரைக்குத் துணி அளந்துகொண்டிருக்கிறாள்.

லீவை வீணாக்காதே, வருஷக் கடைசியில் வந்தால் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருக்கலாம் என்று போன வாரம் உன்னிடம் சொன்னாள் அல்லவா? அவள் பேச்சைக் கேட்காதே. வருஷக் கடைசி வரை காத்திருக்காதே. இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. விஷயத்தை உன் தலையில் கட்ட மாட்டேன், பொய் சொன்னவன் நானே சொல்கிறேன். சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா