ஒன்பதாம் இலக்கத்துக்கு நான் சொன்ன ‘ஓம்’

செப். 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மைதானத்துக்குப் போக என்று சப்பாத்தைத் துடைத்து வைத்த பிறகுதான் நினைவு வந்தது, ஆட்டங்கள் போன கிழமையோடு முடிந்துவிட்டன.

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை, இந்தக் கொப்பியிடம் என்றே வைத்துக்கொள்கிறேன். இது கழகத்துடையது. யார் எத்தனை கோல் என்று எழுதத் தந்தது. பின்னால் இருபது தாள் மிச்சம். அதில் சொந்தக் கதை எழுதுவது சரியில்லை. வாய் திறந்து சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டிருப்பது அதைவிடச் சரியில்லை.

வேலை: ப்ரென்டனின் மின்னஞ்சல். ப்ரென்டன் கழகச் செயலாளர், மெல்பேர்ன்காரர். ரொறன்ரோவில் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு ஆள் பிடிப்பதே அவருடைய பொழுதுபோக்கு. 20ஆம் திகதி வருடாந்த விருந்து. திரையில் காட்ட ஒரு பட்டியல் வேண்டுமாம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெரிய பதக்கத்தை இதுவரை வென்ற எல்லோரும், முதல் வருடத்திலிருந்து. கீழே எங்கள் பெண்கள் பிரிவில் வென்றவர்கள். நாலே நாலு பெயர்.

நாலாவது பெயர் கிளேர். அது நிரோ அக்காவின் பெயராக இருந்திருக்கும். நான் இல்லாவிட்டால்.

எழுதிவிட்டேன். தேத்தண்ணி போடப் போகிறேன்.

பின்னேரம். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தலைப்பில் ‘பெஸ்ற் அண்ட் ஃபெயரெஸ்ற்’.

“பந்தடிக்கிறதுக்கும் வெள்ளை நிறம் பார்க்கினமோ?”

ஃபெயர் என்றால் இங்கே நேர்மை, மிகத் திறமாகவும் மிக நேர்மையாகவும் விளையாடியவருக்குத்தான் பதக்கம் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. கலியாண விளம்பரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று தனக்குத் தெரியுமாம்.

செப். 8, திங்கள்

வெயில். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. ஒப்பந்த வேலை இன்னும் ஆறு கிழமை.

மதிய இடைவேளையில் பட்டியல். வருடம், பெயர், அணி, வாக்கு. நூறு வருடத்துப் பெயர்கள். யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் விட முடியவில்லை.

கண்டவை:

– வாக்குப் போடுவது நடுவர்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிய மூன்று பேருக்கு 3, 2, 1. உறையில் ஒட்டிவைத்து, பருவம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். நாங்களும் அப்படியே.
– யுத்த வருடங்கள் சில வெறுமை. ‘வழங்கப்படவில்லை.’ ப்ரென்டன் அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்று எழுதினேன்.
– சில வரிகளில் நட்சத்திரக் குறி. அதிக வாக்கு எடுத்தும், அந்த வருடம் ஒரு ஆட்டத் தடை வாங்கியதால் பதக்கம் இல்லை. வாக்கு இருக்கிறது, பெயர் அடிக்குறிப்பில்.
– இன்னொரு வகைக் குறி. சமமான வாக்கு எடுத்தும் அந்தக் காலத்து விதியால் தோற்றவர்கள். பல பத்து வருடம் கழித்து, விதி சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கும் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். சிலர் அதற்குள் இறந்துபோனார்கள். குடும்பம் வாங்கியது.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். சோறு ஆறிவிட்டது.

செப். 9, செவ்வாய்

தலையிடி. வாங்க: பால், பனடோல், அப்பாவுக்குக் கையுறை.

பட்டியல் முடிந்தது. அனுப்பவில்லை.

செப். 10, புதன்

இன்றைக்கு எழுதாவிட்டால் எழுத மாட்டேன்.

போன வருடம் ஜூன். கோல் நடுவர் நான்தான். பெரிய வேலை இல்லை. வெள்ளைக் கோட் போட்டுக் கம்பங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். கோல் என்றால் இரண்டு கொடி அசைக்க வேண்டும், ஆறு புள்ளி. பக்கத்தால் போனால் ஒரு கொடி, ஒரு புள்ளி. தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி தருகிற விளையாட்டு. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது நிரோ அக்கா. கம்பஸில் என்னைவிட இரண்டு வருடம் மேல். முதல் வருடம் யாரோடும் கதைக்காமல் சாப்பாட்டுப் பெட்டியோடு படிக்கட்டில் இருந்தவளிடம் தானாக வந்து, “நீ யாழ்ப்பாணமோ? உன்ரை முகத்திலை எழுதியிருக்கு. சனிக்கிழமை என்ன செய்யிறாய்?” என்று கேட்டவர். ஓடத் தேவையில்லை, நின்றால் போதும் என்றார்.

அவருடைய இலக்கம் ஒன்பது.

அன்றைக்கு என் கம்பங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் பந்துக்காகக் குவிந்தார்கள். நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் வேலை. குவியல் பிரிந்தபோது எதிரணிப் பெண் ஒருத்தி நிலத்தில், உதட்டில் இரத்தம். மைதான நடுவர் நடந்ததைக் காணவில்லை. என்னிடம் ஓடி வந்தார். ஆங்கிலத்தில், வேகமாக: ஒன்பதாம் இலக்கம் அவளை அடித்ததை நீ பார்க்கவில்லையா?

நான் சொன்னேன், “யெஸ்.”

ஓம், காணவில்லை. அதுதான் நான் சொன்னது. காணேல்லையோ என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்லுவோம். பதினைந்து வயதில் இங்கே வரும்வரை அப்படித்தான் சொன்னேன், பயம் வந்தால் இன்றைக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்த யெஸ்ஸுக்குக் ‘கண்டேன்’ என்று கருத்து. அவர் “யெஸ்?” என்று திருப்பிக் கேட்டார். நான் திரும்பவும் “யெஸ்.” அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் எழுதினார்.

யார் அடித்தது, அடித்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நான் காணவில்லை.

இது பிழை. குற்றம் அதற்குப் பிறகு. திங்கட்கிழமை கழகத்து ஒழுக்காற்றுக் குழுவிடமிருந்து மின்னஞ்சல்: ‘ஒன்பதாம் இலக்கம் முழங்கையால் அடித்ததைக் கண்டதாகக் கோல் நடுவர் உறுதிப்படுத்தினார். மாற்றம் இருந்தால் இரண்டு நாளுக்குள் எழுதவும்.’ அந்தக் கிழமைதான் எனக்குப் பட்டமளிப்பு. எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பா பிறம்ரனில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறவர், தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “என்ரை பிள்ளையின்ரை இங்கிலிஸ் தண்ணி மாதிரி.”

யெஸ், நோ இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கிழமை எப்படி எழுதுவது. மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அழித்தேன். இரண்டு நாள் முடிந்தது.

நிரோ அக்காவுக்கு ஒரு ஆட்டத் தடை. வழக்காடவில்லை.

செப்டெம்பரில் உறைகளைப் பிரித்து வாசித்தார்கள். ‘ஒன்பது, மூன்று.’ ‘ஒன்பது, மூன்று.’ ‘ஒன்பது, இரண்டு.’ தடை வாங்கியவருடைய வாக்கையும் வாசிப்பதுதான் வழக்கம். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும் அது எண்ணிக்கையில் சேராது என்று. கடைசியில் கிளேரின் பெயர். நிரோ அக்கா எழும்பி நின்று கை தட்டினார். நான் மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் விளையாட வரவில்லை. நான் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டேன்.

செப். 12, வெள்ளி

நிரோ அக்காவுக்குச் செய்தி. ‘நாளைக்கு வரலாமா?’ பதினொரு மாதத்தில் முதல் செய்தி. உடனே பதில்: ‘வா. அம்மா புட்டு அவிக்கிறா.’

அது இன்னும் கஷ்டம்.

செப். 13, சனி

காற்று. முதலில் ரெயினில், பிறகு பஸ்ஸில், பிறகு நடை. ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகள், எல்லாம் ஒரே கதவு. நடைபாதை ஒரு இடத்தில் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. புல்லில் நடந்தேன். சப்பாத்தில் சேறு, வாசலில் கழற்றும்போது வெட்கம்.

புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். நிரோ அக்காவின் அம்மா, அன்ரி, என் மெலிவைப் பற்றிக் கதைத்தார். பிறகு கோயிலுக்கு றிச்மண்ட் ஹில் போகக் கார் ஏறினார். நாங்கள் இருவரும் கராஜ் படியில். மூலையில் நிரோ அக்காவின் பழைய பந்து, காற்றுப் போனது.

சொன்னேன். ஒழுங்கில்லாமல், முதலில் மின்னஞ்சல், பிறகு யெஸ், பிறகு பட்டமளிப்பு.

பந்தை எடுத்து அமத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், “ஓம் எண்டதை யெஸ் எண்டு சொன்னனி.”

“ஓம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

“நான் இடிச்சனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது சுபா. முழங்கையிலை ஏதோ பட்டது மாதிரி இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. ஆனா கண்டது நீ எண்டு எழுதியிருந்தவை. நீ பொய் சொல்ல மாட்டாய். அப்ப நான் இடிச்சிருக்கிறன் எண்டு முடிவெடுத்தன். அந்தப் பிள்ளையின்ரை வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டனான்.”

அவர் பந்தைத் திரும்ப மூலையில் வைத்தார்.

“அம்மா இண்டைக்கும் நான் நிறம் குறைவெண்டுதான் அந்தப் பதக்கம் தரேல்லை எண்டு நினைக்கிறா. ஃபெயரெஸ்ற் எல்லோ. நானும் திருத்தேல்லை. ஆளை அடிச்சனான் எண்டு சொல்லுறதை விட அது பரவாயில்லை.”

குழுவுக்கு எழுதப் போகிறேன் என்றேன். எழுது, எழுதாமல் விடு, அது உன் விருப்பம் என்றார். தனக்கு வேண்டியது பதக்கமில்லையாம். ஒரு வருடமாகத் தன் கையைத் தானே நம்பாமல் இருந்தாராம். படியில் இறங்கும்போதும் ஆட்களுக்கு விலகி நிற்கிறாராம்.

ரெயின் நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் காலநிலை பற்றிக் கதைத்தோம். இறங்கும்போது ஒன்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செப். 14, ஞாயிறு

கடிதம் அனுப்பியாயிற்று, மு.ப. 10.40. பதினொரு வரி. பட்டியலையும் சேர்த்து. நாலாவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அடிக்குறிப்பை வெறுமையாக விட்டேன்.

உடுப்புத் தோய்த்தேன். மூன்று தரம் தொலைபேசியைப் பார்த்தேன். பொய், முப்பது தரம்.

செப். 15, திங்கள்

ப்ரென்டனின் பதில். கோபமில்லை, அது எனக்கு இன்னும் சங்கடம். பழைய முடிவை மாற்றக் கடிதம் போதாதாம். மூன்று பேர் கொண்ட குழு, வியாழன் பின்னேரம் ஆறு மணி, மைதானத்துக்குப் பக்கத்துச் சமூக நிலையம், அறை 2. நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நிரோவும் வரலாம், கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவிலேயே எத்தனையோ வருடம் கழித்துத் திருத்தியிருக்கிறார்கள், நாங்கள் ஒரு வருடத்தில் செய்தால் சாதனை என்று ஒரு பகிடியும்.

அன்றைக்கு என்னிடம் கேட்ட நடுவரும் குழுவில் இருப்பார்.

செப். 16, செவ்வாய்

கிளேர் தொலைபேசி எடுத்தாள், ப்ரென்டன் சொல்லியிருக்கிறார். எடுக்காமல் விடலாம் என்று பார்த்தேன், எடுத்துவிட்டேன். தனக்குத் தெரியுமாம் வாக்கில் தான் இரண்டாவது என்று. பதக்கம் பட்டரிகளோடு மேசை லாச்சியில் கிடக்கிறதாம், வியாழன் கொண்டுவருகிறாளாம். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கும் அதைக் காட்டியிருப்பாள் தானே. அதை நான் யோசிக்கவேயில்லை.

செப். 17, புதன்

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிச் சட்டையில் பூச்சி உருண்டை வாசம்.

நிரோ அக்காவின் செய்தி: ‘நாளைக்கு வேலை. வரேல்லை. நீ வடிவாச் சொல்லு.’

அப்பாவுக்கு இன்றைக்குச் சொன்னேன். இங்கிலிஸ் தண்ணி மாதிரி இல்லை என்பதையும். அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தானும் வேலையில் ‘டோன்ற் யூ’ என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டுக்கும் நடுவில் தலையாட்டுவாராம். எங்களுக்கு முதல் இங்கே வந்ததிலிருந்து, இருபது வருடமாக அப்படித்தானாம். “உனக்கு அது வராது எண்டு நினைச்சன்” என்றார். பிறகு மற்றச் சப்பாத்தைக் கழற்றினார்.

ஒத்திகை பார்த்தேன், குளியலறைக் கண்ணாடியில். ‘நோ, ஐ டிட் நொற் சீ.’ தனிய நின்றால் வருகிறது.

செப். 18, வியாழன்

வெயில், காற்றில்லை. வேலையிலிருந்து நேரே வந்துவிட்டேன். மணி 4.50. சமூக நிலையத்துக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்கிறேன். மைதானத்தில் கம்பங்களைக் கழற்றிவிட்டார்கள், நான் நின்ற முனையில் நாலு குழி மட்டும். அறை 2இல் இப்போது சின்னப் பிள்ளைகளின் கராத்தே வகுப்பு. எண்ணுகிற சத்தம் வெளியே கேட்கிறது.

கொப்பியைக் கொண்டுவந்தது ப்ரென்டனிடம் திருப்பிக் கொடுக்க. இந்தத் தாள்களைக் கிழித்துவிட்டுத்தான். கடைசித் தாளை மட்டும் படம் எடுத்து நிரோ அக்காவுக்கு அனுப்பப் போகிறேன். காரில் கேட்காமல் விட்டது இதன் கடைசி வரியில் இருக்கிறது.

நிரோ அக்கா,

வேலை எண்டு தெரியும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கேல்லை. பதக்கத்தை வாங்கச் சொல்லியும் கேட்கேல்லை. குழுவிலை இருக்கிறவை என்னை இங்கிலிசிலை சுத்தி வளைச்சுக் கேட்பினம், எனக்குப் பயம் வரும், நான் திரும்பவும் பிழையாச் சொல்லிப்போடுவன். வாங்கோ. எனக்கு முன்னாலை இருங்கோ. காணேல்லையோ எண்டு கேட்க வேண்டாம். எல்லாருக்கும் முன்னாலை, தமிழிலை, ஒருக்கால், ‘கண்டனியோ’ எண்டு கேளுங்கோ.